காய்ச்சலைக் கண்டுபிடித்தவர்

கடத்தூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் டிக்கெட் வாங்கிய கையோடு சொன்னார்:

“எங்க வூட்டுக்காரரு காய்ச்சல மாட்டு டாக்டருதான் கண்டுபுடிச்சாரு.”

“வெளாடாதக்கா.”

“நெசமாத்தான். ரெண்டு மாசமா காய்ச்சல் வர்றதும் போறதுமா இருந்துச்சு. எந்த மாத்திரைக்கும் கேக்கல. மாட்டுக்குச் செனை கலைஞ்சு மூணு மாசமாச்சு, மறுபடி செனை புடிக்கலன்னு டாக்டரு வந்தாரு. இவரு போத்திக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. டாக்டரு பாத்துட்டு, ‘அப்ப நஞ்சுக்கொடிய வெறுங்கையிலயா எடுத்தீங்க’ன்னு கேட்டாரு.”

“எல்லாரும் அப்படித்தான எடுக்கறோம்.”

“‘எடுத்து ஆலமரத்துல கட்டுனேங்க, பாலு நல்லா சுரக்கட்டும்னு’ அப்படின்னாரு இவரு. டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாரு. காக்காயும் நாயும் இழுத்துப் போட்டா ஊருக்கே நோவு பரவுமாம். மாட்டுக்கும் இவருக்கும் ஒரே நோவாம், வெறுங்கையிலயும் பச்சப் பாலுலயும் தொத்துமாம்.”

“அய்யய்யோ. அப்புறம்?”

“பெரியாஸ்பத்திரியில போயி அதச் சொன்னோம். ரத்தம் பாத்து மருந்து குடுத்தாங்க. இப்ப நல்லாயி மரவள்ளி புடுங்கறாரு. நஞ்சுக்கொடிய ஆழமா குழி தோண்டிப் பொதைக்கறோம். பாலக் காய்ச்சாம யாரும் வாயில வெக்கறதில்ல.”

இளையவர் சிரிக்கத் தொடங்கியிருந்தார். மூத்தவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“இப்ப அவரு தும்மிக்கிட்டுப் போனாக்கூட, பெரியாஸ்பத்திரி டாக்டரு மொதல்ல மாடு எப்படியிருக்குதுன்னுதான் கேக்கறாரு.”