கார்டு அக்காவின் கணவன்

எங்கள் வீட்டில் சத்தம் வந்ததே கிடையாது சார். கீழ் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் டிவி சத்தம்தான் எங்களுக்குக் கேட்கும். நான் கை நீட்டியவன் இல்லை, குடித்தவன் இல்லை. என் மனைவி சோர்ந்து உட்கார்ந்தால் டீ போட்டுக் கொடுப்பவன் நான்தான். ரயில்வே கேட்டில் நடந்ததை விபத்து என்று எழுதி நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள். அதைத் திறக்கச் சொல்லித்தான் வந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் அவள் செய்த வேலை என்னவென்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டரை மற்ற கம்ப்யூட்டர்களோடு இணைக்க உள்ளே நெட்வொர்க் கார்டு என்று ஒன்று இருக்கும். அந்தக் கார்டோடு கம்ப்யூட்டர் பேச நடுவில் டிரைவர் என்ற சின்ன நிரல் வேண்டும். கார்டு பழசானால் அதைச் செய்த கம்பெனி கைகழுவிவிடும். கம்ப்யூட்டருக்குள் மற்றதெல்லாம் புதுசாகிக்கொண்டே போகும். டிரைவரை யாராவது அதற்கேற்பத் திருத்தாவிட்டால் நல்ல கார்டும் குப்பைக்குப் போகும். அப்படிக் கைவிடப்பட்ட கார்டுகளுக்கான டிரைவர்களை, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம் என்று பொதுவில் வைத்து அவள் பராமரித்தாள். சம்பளம் கிடையாது. படுக்கையறை மூலையில் ஒரு மேசை, மூடி கழற்றிய இரண்டு கம்ப்யூட்டர்கள், செருப்பு டப்பாக்கள் நிறையக் கார்டுகள். அவற்றின் தங்க நிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்வாள். மெத்தையெல்லாம் ரப்பர் தூளாக இருக்கும். நான் ஒன்றும் சொன்னதில்லை.

எங்கெங்கோ இருந்த அச்சகங்களும் பள்ளிக்கூடங்களும் சின்ன ஆஸ்பத்திரிகளும் அவளை நம்பி ஓடிக்கொண்டிருந்தன. ‘கார்டு அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், “சார், நீங்க கார்டு அக்காவோட வீட்டுக்காரரா?” என்று எழுந்து நின்று கை கொடுத்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் வாஷிங் மெஷின், மிக்ஸி போன்றவற்றோடு வரும் கையேடுகளை எழுதுகிறவன். அவளுடைய டிரைவருக்கும் ஆசையாக ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன். அவள் அதை நான்கு வரியாக வெட்டினாள்.

“ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இவ்ளோ நீளமா இருந்தா யாரும் படிக்க மாட்டாங்க.”

“நாலு வரி போதும்னா நாலு வரி” என்று சிரித்தேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்கடுத்த வாரம்தான், அவள் டிரைவரைப் பயன்படுத்துகிறவர் போல அவளுக்கு எழுத, இல்லாத ஒரு கடைக்காரரை உருவாக்கினேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள் உடம்பு கெட்டுக்கொண்டிருந்தது, கண்ணைச் சுற்றிக் கருவளையம். விட்டுவிடு என்று நான் சொன்னால் கேட்க மாட்டாள். தானாக விட வேண்டும். கட்டியவன் வேறென்ன செய்ய முடியும்?

கடைக்காரர் மரியாதையானவர். சாப்பாட்டு இடைவேளையில் அலுவலகத்திலிருந்து எழுதுவேன். கார்டு அடிக்கடி துண்டிக்கிறது, உங்களைக் குறை சொல்லவில்லை, முடியாவிட்டால் திறமையான யாரிடமாவது ஒப்படைக்கலாமே என்று எழுதுவார். அவள் உட்கார்ந்து திருத்துவாள். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என்னிடம் கொட்டுவாள்.

“எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாதும்மா.”

“இல்லீங்க. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு.”

டீயை ஆற்றிக் கொடுப்பேன். அந்த நாட்களில் எங்களுக்குள் அவ்வளவு நெருக்கம். பல வருடங்களுக்குப் பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள்.

‘வவ்வால்’ என்ற பட்டப்பெயரில் ஒருவன் அவளோடு வேலை செய்தான். முகம் தெரியாதவன். உன் நிரல் குப்பை என்று எல்லோர் முன்னாலும் திட்டுவான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். திட்டு அவள் மேல் ஒட்டாது. மரியாதைதான் அவளை அரித்தது. இது அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

இருந்தும் அவள் விடவில்லை. அதனால் ஒரு தாய் தேவைப்பட்டாள்.

அந்தத் தாயை அவசரப்பட்டு எழுதவில்லை. அவளுடைய குழந்தை ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் நர்ஸ் அறையில் மணி அடிக்கும். அந்தச் செய்தி பழைய கார்டு வழியாகப் போக வேண்டும். டிரைவரின் புதிய பதிப்பைப் போட்ட அன்று இணைப்பு விட்டுப்போனது. மணி அடிக்கவில்லை. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று எழுதினேன். பெயர் இருந்தால் தேடுவாள். ‘அவன் ஸ்வெட்டரை நான் இன்னும் துவைக்கவில்லை, துவைத்தால் வாசம் போய்விடும்’ என்ற வரி தானாக வந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு முறை தங்கவில்லை. அதற்காகக் குழந்தையைத் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வயதானவர் இறந்தால் வருத்தப்படுவாள், மறுபடி மேசைக்குப் போய்விடுவாள். அவ்வளவுதான் கணக்கு.

படித்துவிட்டு அவள் அழவில்லை. தான் கடைசியாகச் செய்த திருத்தத்தை வரி வரியாகப் பார்த்தாள். இணைப்பு விட்டுப்போக வாய்ப்புள்ள ஓரிடத்தைக் கண்டுபிடித்தும்விட்டாள். குறை தேடினால் எந்த நிரலிலும் அப்படி ஓரிடம் கிடைக்கும், எந்த மனிதரிடமும் கிடைப்பது போல. “நான்தாங்க கொன்னுட்டேன்” என்றாள். “தெரியாம செஞ்சதுதானே” என்று தலையைத் தடவினேன். இல்லை என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனித்தாளா, தெரியாது.

மேசை ஓய்ந்தது. ஆனால் அவளும் ஓய்ந்துவிட்டாள். சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் காலை, தாய் குறிப்பிட்ட ஊருக்குப் போய்க் காலில் விழப்போகிறேன் என்று கிளம்பினாள். நான் தடுக்கவில்லை. பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன்.

மத்தியானம் போன் வந்தது.

“ஏங்க, இங்க அப்படி ஒரு ஆஸ்பத்திரியே இல்லைங்கறாங்க. ஆட்டோக்காரர், மருந்துக்கடை, எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன்.”

“மூடியிருப்பாங்கம்மா. நல்லா விசாரி.”

“இல்லீங்க. எப்பவுமே இருந்ததில்லையாம்.” பிறகு, “ஒருவேளை... அப்படி ஒரு குழந்தையே இல்லையோ? எவனோ விளையாடிட்டானோ?”

அவள் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்தது. கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. “நான் ஒண்ணும் பண்ணலைங்க, அப்படித்தானே?” என்றாள். “வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் முதல்ல இருந்து சரி பண்றேன். அந்த டப்பாவையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க.”

போடவில்லை என்றேன். அது உண்மை.

போனை வைத்த பிறகு அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். சும்மா இருந்திருந்தால் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்திருப்பாள். அந்தச் சிரிப்போடு நேராக மேசைக்குப் போயிருப்பாள். இவ்வளவு நாள் நான் பட்ட பாடு வீண். தாயாகி எழுதினேன். ‘நீங்கள் எங்கள் ஊரில் விசாரிக்கிறீர்கள் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை நான்தான் மாற்றிச் சொன்னேன், யாரும் வந்து நிற்கக் கூடாது என்று. சற்றுமுன் என் வாசலைத் தாண்டித்தான் போனீர்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடையில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. என் பிள்ளை பிறக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டீர்களா?’

அனுப்பிவிட்டுப் போய் வேலையைப் பார்த்தேன்.

கேட் கீப்பர் சொன்னது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. “கேட் போட்டிருந்துச்சு சார். அந்தம்மா சைடுல பூந்து, போனைப் பாத்துக்கிட்டே நடந்தாங்க. கத்தினேன். நிமிரவே இல்ல.” போன் நொறுங்கிப்போனதால் என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்று உங்களுக்குத் தெரியவில்லை. இப்போது தெரிந்திருக்கும். நிமிராமல் படித்திருக்கிறாள்.

நான் ஓடிப்போய்விடலாமே, ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு நியாயம் கிடைக்க வேண்டாமா? போன வாரம் அவளோடு வேலை செய்தவர்கள் எல்லாவற்றையும் அலசி, கடைக்காரரும் தாயும் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை சரி. ஆனால், எப்போதும் அவளைத் திட்டியவன் என்பதால், அந்த ஆள் வவ்வால் என்கிறார்கள். அவன் சம்பளம் வாங்கிய கம்பெனிக்கு எழுதி, அவனை வேலையை விட்டே தூக்கவைத்துவிட்டார்கள். என் மைத்துனர் அவன் மேல் புகார் கொடுக்கப்போகிறாராம். எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறான், படித்த எங்களுக்கே கண் கலங்கியது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள்.

வவ்வாலுக்கு ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாது சார். அவனால் அந்தத் தாயின் ஒரு வரியைக்கூட எழுத முடியாது. எழுதியது நான். முழுவதும் நான். என் பெயரை இனிஷியலோடு சொல்கிறேன், பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரர்களிடமும் அப்படியே கொடுத்துவிடுங்கள்.