நவமணியோட கொக்கி

டீயக் குடிங்க மச்சான், ஆறிடும். சீனி கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும், நானே கலக்குனது. உங்க தங்கச்சி நவமணி போன் போட்டதும் தெலுக் இந்தான்ல இருந்து காரை எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டீங்க. நல்லதுதான். ஊரான் வாயால கேக்கிறதுக்கு இந்தச் சன்னாசி வாயாலயே கேட்டுக்குங்க.

எஸ்டேட்டைத் துண்டு போட்டு வித்தப்புறம் நானும் நவமணியும் லகாட் பக்கம் கையுறை பெக்டரியில சேந்தது உங்களுக்குத் தெரியும். நான் வயர்மேன், அவ பேக்கிங். சிப்டுக்கு யாரு வரலன்னு மேனேஜருக்கு உடனே தெரியணுமாம். எண்ணறதுக்கு ஆள் போட்டா எண்ணறவனே தூங்குறான். நான் ஒரு பலகை செஞ்சு கொடுத்தேன். ஆளுக்கொரு கொக்கி. வந்ததும் தன்னோட பித்தளை வில்லைய அதுல மாட்டணும். சங்கு ஊதுறப்ப மாட்டலன்னா மேனேஜர் மேசையில அந்த ஆளோட பல்பு எரியும், கீழ மணியும் அடிக்கும். அவரா அணைக்கிற வரைக்கும் எரியும். மனுசன் அசந்து போயி முதுகுல தட்டிக் கொடுத்தாரு.

அப்பத்தான் நவமணிய லைன் லீடர் ஆக்குனாங்க. அன்னையில இருந்து கூட பேக்கிங் பண்ற இருளாயியோட ஒரே சிரிப்பு, ஒரே பேச்சு. 'சோறு அடுப்புல இருக்கு, போட்டுச் சாப்பிடுங்களேன் லா'ங்கிறா. புருசன் கையில கரண்டியக் கொடுக்கிறது குடும்பத்துக்கு ஆகுமா, நீங்களே சொல்லுங்க. ராத்திரி சிப்டு முடிஞ்சு கண்ணு செவந்து வருவா, பாவம். ஓய்வு வேணும்னு அவளுக்கே தெரியல. நாமதானே பாக்கணும்?

அவ கொக்கிக்குப் பின்னால போற வயரை லேசா இழுத்து விட்டேன். அவ்வளவுதான்.

அவ நேரத்துக்குத்தான் வந்தா, வில்லையும் மாட்டினா. இருந்தும் பல்பு எரிஞ்சுது. மறுநாளும் எரிஞ்சுது, அதுக்கு மறுநாளும். மேனேஜர் கூப்பிட்டு விசாரிச்சாரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே பஸ்சுல வந்தோம்னு இருளாயி மாரியம்மா மேல சத்தியம் பண்ணா. அவரு என்னைப் பாத்து, பலகை தப்பு பண்ணுமான்னாரு. பண்ணாது சார்ன்னேன். அப்ப இவ ஏன் இப்படிச் சொல்றான்னாரு.

எஸ்டேட்டுல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டைப் பத்திச் சொன்னேன். விடியாத இருட்டுல பேரு கூப்பிடுவாங்க, வராதவனுக்குப் பக்கத்துல நிக்கிறவன் 'வந்துட்டேன்'னு குரல் கொடுப்பான், பொய்யில்ல சார், எங்காளுங்க பழக்கம்னேன். தப்பா? நீங்க காச்சல்ல கிடந்தப்ப உங்களுக்கு யாரு குரல் கொடுத்தா? நான்தானே மச்சான்?

ரெண்டு பேரையும் அன்னைக்கே அனுப்பிட்டாங்க. இருளாயிக்குப் புருசன் இல்ல, ரெண்டு பிள்ளைங்க. எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா ஊரு வம்புக்கு வாயக் கொடுத்தா இப்படித்தான்.

நவமணி வீட்டுக்கு வந்து அழுதா. 'நீங்களாவது நம்புறீங்களா'ன்னு கேட்டா. தலையத் தடவி, 'நம்புறேன் புள்ள'ன்னு சொன்னேன். மனசு உருகித்தான் சொன்னேன். ரசம் வச்சா அன்னைக்கு, என்ன மணம்.

நான் பண்ண ஒரே தப்பு, வயரைத் திரும்ப மாட்ட மறந்ததுதான். அந்தக் கொக்கிக்குப் புதுசா வந்த பொண்ணுக்கும் பல்பு எரிஞ்சிருக்கு. நான் அன்னைக்கு லீவு. ஈப்போவுல இருந்து வந்த வயர்மேன் பலகையக் கழட்டிப் பாத்துட்டு, வயரை யாரோ வேணும்னே இழுத்து விட்டிருக்காங்கன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான். தொழில் தெரிஞ்ச பய.

அது நவமணி காதுக்கும் போச்சு. அதுல இருந்து அவ என்கூட ஒரு வார்த்தை பேசல. கோவம்தான். அவ மேல எனக்கு உசிரு மச்சான், அது அவளுக்கே தெரியும், எங்க போயிடுவா? இருந்தாலும் காலம் கெட்டுக் கிடக்கேன்னு நேத்து நம்ம வாசக் கேட்டுல ஒரு மணி வச்சிருக்கேன். தொறந்தா அடிக்கும்.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க.

அடிக்குது, கேக்குதா? பையத் தூக்கிக்கிட்டு உங்க காருகிட்டத்தான் போறா. பாத்தீங்களா மச்சான், கை வச்சதுமே அடிக்குது.