பால் பல்லைக் கேட்ட மருத்துவர்

தண்ணீர்மலை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காளும் தங்கையும். அக்காள் காலில் மாவுக்கட்டு.

“மூட்டு டாக்டர் என் பால் பல்லைப் பத்திக் கேட்டாருடி.”

“கால் எலும்பு வெடிச்சதுக்குப் பல்லு எதுக்காம்?”

“மூணு வயசுலயே வேரோட விழுந்துச்சான்னு கேட்டாரு. எனக்கு அப்படித்தான் விழுந்துச்சுன்னு அம்மா சொல்வாங்களே! ரத்தத்துல ஏதோ ஒன்னு ரொம்பக் கம்மியாம். அது கூடினாத்தான் டாக்டருங்க கவனிப்பாங்களாம், கம்மியா இருந்தா விட்டுடுவாங்களாம். இது பொறப்புலயே வந்த எலும்பு வியாதியாம்.”

“அடேயப்பா! தைப்பூசத்துக்கு வெறுங்காலோட நடந்ததால வந்த கால்வலின்னுதானே வருசா வருசம் எண்ணெய் தேச்சோம்!”

“என் மகளையும் கூட்டி வரச் சொல்றாரு.”

“அவளுக்கு ஒன்னும் இல்லையேக்கா?”

“அவளுக்கும் மூணு வயசுல பல்லு விழுந்துச்சே. சீக்கிரமா வளர்றான்னு நாமதான் கைதட்டினோம்லா.”