நான்கு நொடிக்கு ஒரு சுற்று

இல்லை, அந்த நிரலை எழுதியது நான் இல்லை. ஆனால் இல்லத்தின் இணையதளம் விழுந்ததற்குக் காரணம் அதை எழுதியவரும் இல்லை. நான். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமலே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. வயது இருபத்தொன்பது. திருமணமாகவில்லை. நகர மைய நூலகத்தில் நான்கு ஆண்டுகளாகக் கணினிப் பராமரிப்பாளராக இருக்கிறேன். முப்பத்தாறு கணினிகள், ஒரு நூற்பட்டியல் சர்வர், ஒரு ஸ்கேனர் அறை ஆகியவை என் பொறுப்பு. உதவியாள் கிடையாது.

சென்ற திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்குத் தலைமை நூலகர் மேடம் என் அறைக்கு வந்து, கீழே வாசகர்கள் ஒரு புத்தகத்தின் பெயரைத் தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் வேறொரு புத்தகத்தையே படித்து முடித்துவிடுகிறார்கள் என்று சொன்னார். அதன்பிறகு நான் நூற்பட்டியல் சர்வரைத் திறந்து பார்த்தேன். நினைவகத்தில் இடம் இருந்தது. வட்டு நன்றாக இருந்தது. புராசஸர் மட்டும் தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்றது. ஓடிக்கொண்டிருந்த நிரல்களை, எது அதிகம் எடுக்கிறது என்ற வரிசையில் அடுக்கினேன். முதலில் வந்ததன் பெயர் அக்கா.

மேடம் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "யாரோட அக்கா இது? வீட்டுல இருக்கிற எல்லாத்தையும் ஒரே ஆளா தின்னுட்டு உக்காந்திருக்காங்களே" என்றார். எங்கள் தொழிலில் பெயர்கள் அப்படித்தான், கிளி என்று ஒன்று இருக்கிறது, எலி என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். "அப்ப சீக்கிரம் ஊருக்கு அனுப்பி வை" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்த நிரல் பதினோரு வாரங்களாகத் திரையில் எதையும் காட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நூற்பட்டியல் பிரிவின் பொதுக் கணக்கிலிருந்து ஓடியது. அந்தப் பிரிவில் நான்கு பேர். நான்கு பேருக்கும் ஒரே கடவுச்சொல். அது விசைப்பலகையின் அடியில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டியது நான்.

விதி எனக்குத் தெரியும். யாருடையது என்று தெரியாத நிரலை நிறுத்திவிட்டு எழுத்து மூலம் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. போன வருடம் இதேபோல் ஒன்றை நிறுத்தினேன். அது ஓர் ஆராய்ச்சி மாணவி ஒன்பது நாட்களாக ஓடவிட்டிருந்த வேலை. பத்தாம் நாள் முடிந்திருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட்டு, கணினிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு காவல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் எதையும் நிறுத்துவதில்லை. இடம் மாற்றுகிறேன்.

நால்வரிடமும் கேட்டிருக்கலாம். அடுத்த அறை. கேட்கவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் ஆளிடம் கேட்பதற்கு முன்னால் இயந்திரத்திடம் கேட்போம். இயந்திரம் சொன்ன பதில் இதுதான்: பழைய சர்வருக்கு இந்த வேலை பெரிது. ஸ்கேனர் அறையில் பெரிய கணினி ஒன்று இருந்தது. ஸ்கேனர் இயக்குபவர் இரண்டு வாரம் விடுப்பு என்பதால் அது சும்மா இருந்தது. பதினொன்றே முக்காலுக்கு நிரலை அந்தக் கணினிக்கு மாற்றி ஓடவிட்டேன். அதை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள அனுமதியும் கொடுத்தேன். உடனே நூற்பட்டியல் பழையபடி வேகமாகப் பதில் சொன்னது. மேடம் போனில் கூப்பிட்டு, "உன் கைக்கு ஒரு மோதிரம் போடணும்" என்றார். நான் சந்தோஷமாக டீ குடிக்கப் போனேன்.

அதன்பிறகு புதன்கிழமை காலைவரை அந்த நிரலைப் பற்றி நினைக்கவே இல்லை.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு நூலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வழி தவறியவர்களையும் சொந்தம் தெரியாதவர்களையும் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லத்திலிருந்து. தங்கள் இணையதளம் திங்கட்கிழமை பதினொன்று ஐம்பத்தெட்டு முதல் மாலை மூன்று பத்து வரை முடங்கியதாகவும், தாக்குதல் எங்கள் இணைய முகவரியிலிருந்து வந்ததாகவும், எங்கள் முகவரியைத் தடை செய்துவிட்டதாகவும், காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். நேரத்தைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பத்து ஐந்துக்கு அந்த நிரலை நிறுத்தினேன். அதன்பிறகுதான் முதல்முறையாக அதைத் திறந்து படித்தேன்.

அது செய்தது இவ்வளவுதான். இல்லத்தின் தளத்தில், வந்து சேர்ந்தவர்களின் படங்கள் இருக்கும். ஏறத்தாழ முந்நூற்றுப் பத்துப் படங்கள். நிரல் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, தன்னிடம் இருக்கும் பதினோரு படங்களோடு முகத்துக்கு முகம் ஒப்பிடும். கடைசிப் படம் முடிந்ததும் மறுபடி முதல் படத்தை இறக்கும். நடுவில் நிற்காது. எங்கள் நிரல்மொழியில், கொஞ்ச நேரம் நில் என்பதற்குத் தூங்கு என்று கட்டளை கொடுப்போம். அந்த வரியும் இருந்தது. அறுபது நொடி தூங்கு. ஆனால் அதை வேலை செய்யாதபடி அடைத்துவிட்டு, பக்கத்தில் தமிழில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது.

பழைய சர்வரில் ஒரு சுற்று முடிய ஆறு நிமிடம் ஆகியிருக்கிறது. ஆறு நிமிடத்தில் முந்நூறு படங்களை எந்தத் தளமும் தாங்கும். பதினோரு வாரம் தாங்கியிருக்கிறது. நான் மாற்றிய கணினியில் ஒரு சுற்றுக்கு நான்கு நொடி. அந்தச் சர்வரின் மந்தம்தான் அதுவரை இல்லத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டது நான். இதற்கான பதிவேடுகளைத் தாளில் எடுத்து இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

நிரலின் தலைப்பில் எழுதியவரின் சுருக்கக் கையொப்பம் இருந்தது. நூற்பட்டியல் எழுத்தருடையது. ஐம்பத்திரண்டு வயது. அட்டைகளில் கையால் எழுதிய காலத்திலிருந்து இருப்பவர் என்பதால் எல்லோரும் அட்டை சார் என்று கூப்பிடுவோம். வீட்டில் கணினி கிடையாது. நிரல் எழுதுவதை எங்கள் நூலகத்திலேயே ஒரு தடித்த புத்தகத்தை ஏழு தடவை புதுப்பித்து எடுத்துப் படித்திருக்கிறார். இதையும் பதிவேட்டில்தான் பார்த்தேன்.

நான் அவர் மேசைக்குப் போய், "சார், அக்கா உங்களோடதா?" என்று கேட்டேன்.

அவர் முதலில் கேட்டது, "நின்னுடுச்சா?"

நிறுத்திவிட்டேன் என்றேன். எப்போது என்று கேட்டார். அரை மணி நேரம் ஆகிறது என்றேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதன்பிறகு உட்காரச் சொன்னார்.

அவருடைய அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. திருமணம் செய்துகொள்ளாதவர். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபிறகு இவரை வளர்த்தவர். பத்தாம் வகுப்பு வரை தலைவாரி விட்டாராம். இவர் வெட்கப்பட்டு, தெருமுனை திரும்பியதும் கலைத்துவிட்டுப் போவாராம். சில வருடங்களாக அக்காவுக்கு மனம் சரியில்லை. மாத்திரை சாப்பிட்டால் வீட்டில் இருப்பார். நிறுத்திவிட்டால் நடப்பார். பதினான்கு மாதங்களுக்கு முன், ஒரு மாலை நான்கு மணிக்கு, தம்பியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனவர் திரும்பி வரவில்லை. காணவில்லை என்ற புகார் இதே நிலையத்தில் இருக்கிறது. எண்ணை அவர் மனப்பாடமாகச் சொன்னார்.

தூங்கு என்ற வரியைப் பற்றிக் கேட்டேன். "ஒரு நிமிஷம் இடைவெளி வச்சிருக்கலாமே சார்? அதே படத்தைத் திரும்பத் திரும்ப இறக்காம, புதுசா வந்ததை மட்டும் எடுத்திருக்கலாமே?"

"அது எப்படின்னு அந்தப் புத்தகத்துல இல்லம்மா. இடைவெளி வச்சுப் பார்த்தேன். இருப்பு கொள்ளல." பிறகு சொன்னார்: "போன வருஷம் ஒரு படம் போட்டாங்க. பாதி முகம்தான். அக்கா மாதிரியே இருந்தது. சாப்பிட்டுட்டு வந்து இல்லத்துக்குப் போன் போட்டேன். அதுக்குள்ள அந்தம்மா கிளம்பிப் போயிட்டாங்கன்னு படத்தை எடுத்துட்டாங்க. அக்காவா இல்லையான்னே தெரியல. நான் சாப்பிட்ட நேரம், இருபது நிமிஷம்."

அதன்பிறகு நடந்ததை, நான் இடம் மாற்றியதை, நான்கு நொடியை, தடையை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர், "நாலு நொடியா? என்கிட்ட அவ்வளவு வேகமா ஓடினதே இல்லியே" என்று கொஞ்சம் பெருமையாகச் சொன்னார். உடனே முகம் மாறி, "அப்ப மூணு மணி நேரம் அவங்க யாரோட படத்தையும் போட முடிஞ்சிருக்காதே?" என்று கேட்டார். முடிந்திருக்காது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று மாலை இருவரும் சேர்ந்து மேடத்திடம் சொல்வது என்று பேசி வைத்தோம். மேடம் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்ததால் மறுநாள் என்று வைத்துக்கொண்டோம்.

நேற்று வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் தாங்கள் நூலகத்துக்கு வந்தபோது நான் ஸ்கேனர் அறையில் இருந்தேன். யார் பொறுப்பு என்று தாங்கள் கேட்டதும் அவர் எழுந்து நின்று, "நான்தான். எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று சொன்னதாக மற்றவர்கள் சொன்னார்கள். நான் வந்தபோது தாங்கள் அவரை அழைத்துப் போய்விட்டீர்கள், நாற்காலி காலியாக இருந்தது. அவர் வீடு திரும்பியதும் போன் செய்தேன். "நீ வாயைத் திறக்காதே. உனக்கு இன்னும் முப்பது வருஷ சர்வீஸ் இருக்கு. எனக்கு என்ன, ஆறு" என்றார். வேண்டுமென்றே தாக்கியதாக எழுதினால் அந்த ஆறும் போய்விடும் என்று சொன்னேன். வைத்துவிட்டார்.

அவர் சொன்னது உண்மை இல்லை. அவர் அங்கே ஆள் தேடினார். தளம் விழுந்தது என் கையால்.

இன்று இந்த அறைக்கு வெளியே புகார்தாரரான இல்லத்துப் பதிவாளர் அம்மாவைச் சந்தித்தேன். அவரே படம் எடுத்து, அவரே தளத்தில் ஏற்றுகிறவர். முதலில் மிகவும் கோபமாக இருந்தார். "உங்களுக்கு விளையாட வேற இடமே கிடைக்கலியா? போக்கிடம் இல்லாதவங்க இருக்கிற வீடும்மா அது" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெஞ்சின் அந்த ஓரத்தில் அட்டை சார் உட்கார்ந்திருந்தார். பதிவாளர் அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "அவங்க என்ன உயரம்?" என்று கேட்டார்.

அவர் எழுந்து, தன் தோளுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார்.

பிறகு பதிவாளர் அம்மா ஒன்று சொன்னார். படம் எடுக்கச் சம்மதிக்காதவர்களின் விவரம் தளத்தில் ஏறாது. அது தனி நோட்டில் இருக்கிறது. இப்போது இருபத்து மூன்று பேர். அதில் பெண்கள் ஒன்பது. நோட்டை வெளியே கொண்டுவர விதி இல்லை, வந்து பார்க்கலாம்.

அட்டை சார், "அக்காவைப் படம் எடுக்கறதுன்னா பெரிய பாடு. கேமராவைப் பார்த்தாலே முந்தானையால மூஞ்சிய மூடிக்குவா. அந்தப் பதினொண்ணும் கல்யாணக் கூட்டத்துல தெரியாம எடுத்தது" என்றார். பதினோரு வாரம் அந்த நிரல் படம் இருந்த இடத்தில் மட்டுமே தேடியிருக்கிறது.

இதனால் நான் தெரிவித்துக்கொள்வது: நிரலை எழுதியவருக்குத் தளத்தை முடக்கும் எண்ணம் கிடையாது. எனக்கும் கிடையாது. ஆனால் கவனமின்மை என்னுடையது. விதியை மீறியதும் நான். அதற்குரிய நடவடிக்கையை என் பெயரில் எடுத்துக்கொள்ளலாம். இல்லத்தின் தளத்தை, எத்தனை பேர் தேடினாலும் தாங்கும்படி சரிசெய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன். இது யாரும் கேட்டு ஒப்புக்கொண்டது இல்லை.

தாங்கள் இன்னும் கேள்விகள் இருப்பதாகச் சொல்கிறீர்கள். இல்லத்தில் பார்வை நேரம் ஐந்து மணியோடு முடிகிறது. நாளையும் நாளை மறுநாளும் பார்வை கிடையாது. இப்போது மணி நான்கு இருபது. மீதிக் கேள்விகளைத் திங்கட்கிழமை கேட்கும்படியும், அவரையும் இப்போது விடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். இருவரும் ஓடிப்போக மாட்டோம்.

இதுவரை சொன்னது நான் கண்டதும் செய்ததும். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(கையொப்பம்)

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: கோரிக்கை ஏற்கப்பட்டது. புகார்தாரர் ஆட்சேபிக்கவில்லை. சாட்சி நான்கு இருபத்தாறுக்குக் கையொப்பமிட்டு, வெளியே பெஞ்சில் இருந்த நூற்பட்டியல் எழுத்தரைக் கையைப் பிடித்து எழுப்பி, புகார்தாரரையும் ஏற்றிக்கொண்டு, ஒரு வாடகைக் காரில் இல்லத்துக்குப் புறப்பட்டுப் போனார்.