கழுத்தில் தொங்கும் சாவி

பாதிரியார் அவர்களே, பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் டுவேன் ராட்லிஃப் அவர்களே, வெர்லீனின் கணவர் ஆம்ப்ரோஸ் தம்பி, அழுது களைத்திருக்கும் ஊராரே, எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள்.

நம் பேருந்து ஓட்டுநர் வெர்லீன் ஸ்டக்கி எப்படிப்பட்டவள்? பனி கொட்டினாலும், பிள்ளை தன் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்துவாள். போன செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் துப்பாக்கி வெடித்தது. பிள்ளைகளைக் குனியச் சொல்லிவிட்டு இறங்கினாள். கதவை இழுத்துச் சாத்தினாள். “கோல்பி, கீழ போட்டுடு கண்ணு” என்று சொல்லிக்கொண்டே அவனை நோக்கி நடந்தாள். அவனும் அவள் பேருந்தில் வந்தவன்தானே! பிள்ளைகள் எல்லோரும் வீடு திரும்பினார்கள். வெர்லீன் திரும்பவில்லை.

இங்கே பேசியவர்கள் விதி என்றீர்கள், சாத்தான் என்றீர்கள். சாத்தானுக்குத் துப்பாக்கி எந்த வீட்டிலிருந்து கிடைத்தது?

கோல்பி, ராட்லிஃப் அவர்களின் வீட்டில் வளரும் அக்கா மகன். மாமாவின் துப்பாக்கியைப் பற்றிப் பேருந்தில் அவன் பீற்றிக்கொண்ட அன்றே வெர்லீன் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். நானும் கூட நின்றேன்.

“சார், துப்பாக்கியைப் பூட்டி வச்சிருக்கீங்களா?”

“திருடன் வந்தா, ‘செத்த இருப்பா, சாவி தேடுறேன்’னு சொல்லவா?”

“கழுத்துல மாட்டிக்கோங்க. என் பஸ்ல ஆறு வயசுப் புள்ளைங்க வீட்டுச் சாவிய அப்படித்தான் கொண்டுவருது. ஒண்ணுகூடத் தொலைச்சதில்ல.”

“பஸ்ஸ ஓட்டுற வேலையப் பாரும்மா. என் அலமாரிய நான் பாத்துக்குறேன்.”

பார்த்துக்கொண்டார்! வெர்லீன் தலைமையாசிரியரிடமும் போய்ச் சொன்னாள். “வீட்டுக்குள்ள நடக்குறதுக்குப் பள்ளிக்கூடம் என்னம்மா பண்ணும்?” என்றார் அவர். அலமாரியில் இருந்தது பள்ளிக்கே வந்து சேர்ந்தது.

பதினான்கு வயதுப் பையனைச் சிறையில் வைத்தாயிற்று. அவன் செய்தது கொலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பூட்டாதவருக்கு மேடையில் நாற்காலி! இங்கிருக்கும் மலர்வளையங்களில் பெரியதும் அவருடையதே. “இன்னிக்கு வேணாம்க்கா, மன்னிச்சு விட்டுடுங்க” என்று பாதிரியார் என் காதில் சொன்னார். ஆம்ப்ரோஸ் மன்னிக்கட்டும், அது அவர் உரிமை. நான் மன்னிக்கவில்லை.

வெர்லீன் கேட்டதை இனி வீடு வீடாக நான் கேட்பேன். என் வீட்டு வேட்டைத் துப்பாக்கியைப் பூட்டிவிட்டேன். சாவி இதோ, என் கழுத்தில்.

முதல் கேள்வி இந்த மேடைக்கே. ராட்லிஃப் அவர்களே, போலீஸ் கொண்டுபோனது ஒன்றுதான். உங்கள் அலமாரியில் இன்னும் துப்பாக்கிகள் இருக்கின்றன. கறுப்பு டை அழகாகக் கட்டியிருக்கிறீர்கள். சட்டைக்குள்ளே சாவி இருக்கிறதா? காட்டுங்கள். அதுவரை நான் உட்காரப் போவதில்லை.