அடிக்காத மணிக்குப் பதில் நான் கத்தியது

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு எண் ஆகியவற்றை காவல் நிலைய எழுத்தர் முதல் தாளில் ஏற்கெனவே குறித்துக்கொண்டுவிட்டார். வயது ஐம்பத்திரண்டு. நகரசபைக்குச் சொந்தமான பதினான்கு மாடி வாடகைக் குடியிருப்பில் பன்னிரண்டாம் மாடியில் கணவருடன் வசித்து வருகிறேன். மீன் சந்தையில் ஏலம் கூறுவது என் தொழில். சந்தையிலும் குடியிருப்பிலும் என்னை ‘வெண்கலம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அது என் தொண்டைக்கு வைத்த பெயர். இந்த வாக்குமூலத்தை யாருடைய மிரட்டலுக்கும் பயந்து நான் கொடுக்கவில்லை. மிரட்டியிருந்தாலும் சொல்லப்போவது இதேதான் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். உதவி ஆய்வாளர், “அதெல்லாம் வேணாம்மா, நடந்ததை மட்டும் சொல்லுங்க” என்றார். நான் சொன்னதும் இங்கே நடந்ததுதானே என்றேன். அதன்பின் எழுதினார்.

நகரசபை விழா நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்துவிட்டதாகப் பொய்யாகக் கத்திப் பொதுமக்களிடையே பீதியை உண்டாக்கினேன் என்பதும், அபாய மணிப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து நகரசபைச் சொத்துக்குச் சேதம் விளைவித்தேன் என்பதும் என் மேல் உள்ள புகார். உடைத்தது நான்தான். கத்தியதும் நான்தான். ஏன் என்று கேட்டால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

என் கணவர் லாரி ஓட்டியவர். ஐந்து வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கையும் காலும் வராது. சக்கர நாற்காலிதான். லிஃப்ட் ஓடினால் வெளியுலகம், ஓடாவிட்டால் ஜன்னல். கீழ் மாடியில் ஒரு வீடு கொடுங்கள் என்று அன்றிலிருந்து நகரசபையில் கேட்டு வருகிறோம். பார்க்கலாம் என்று சொல்வார்கள். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஏழாம் மாடியில் மின்சார மீட்டர்ப் பெட்டி எரிந்தது. நான் அப்போது சந்தையில் இருந்தேன். லிஃப்ட் நின்றுவிட்டது, புகை மாடிப்படி வழியாக மேலே ஏறியது, அபாய மணி அடிக்கவில்லை. கீழே இருந்தவர்கள் இறங்கிவிட்டார்கள். என் கணவர் ஒற்றைக் கையால் துண்டை நனைத்துக் கதவிடுக்கில் திணித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அதன்பின் தீ அணைந்து, நான் பன்னிரண்டு மாடியும் ஏறி வந்து கதவைத் திறந்தபோது அவர் மூக்கு, வாய் எல்லாம் கரி அப்பியிருந்தது. “மீனெல்லாம் வித்துப்போச்சா?” என்று கேட்டார். நான் அன்றைக்கு வாய்விட்டு அழுதேன். இந்த விஷயத்தில் அதற்குப் பிறகு நான் அழவில்லை.

அதன்பின் நான் நகரசபைப் பொறியாளரிடம் போனேன். மணி, லிஃப்ட் எல்லாம் பராமரிப்புக் கம்பெனியின் பொறுப்பு என்றார். கம்பெனியில், குடியிருப்போர் சங்கம் எழுதிக் கேட்டால்தான் வருவோம் என்றார்கள். எங்கள் சங்கத் தலைவரை நாங்கள் ‘மைக் மாமா’ என்போம். மைக் கிடைத்தால் விடமாட்டார், மைக் இல்லாத இடத்தில் வாயே திறக்கமாட்டார். அவர், “கட்டடம் நகரசபையோடது, நான் என்னம்மா பண்ண முடியும்?” என்றார். மறுபடி பொறியாளரிடம் போனேன். இப்படி மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பந்தாடினார்கள். வாடகை வாங்குகிற அன்றைக்கு மட்டும் அது யாருடைய கட்டடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

அதன்பின் ஒருநாள் ஆட்கள் வந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தால், மாடிக்கு மாடி மணிப்பெட்டிக்குச் சிவப்பு வர்ணம் அடித்தார்கள், படிக்கட்டுச் சுவரில் பச்சை அம்புக்குறி ஒட்டினார்கள், போய்விட்டார்கள். வர்ணம் அடித்தவரிடம், “மணிக்கு ஒயர் எங்கப்பா?” என்று கேட்டேன். “எனக்குப் பெயின்ட் மட்டும்தான்க்கா கான்ட்ராக்ட்” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதன்பின் தீப் பாதுகாப்பில் முன்மாதிரிக் குடியிருப்பு என்று எங்கள் கட்டடத்துக்கு விருது வழங்கும் விழா அறிவிக்கப்பட்டது. கொடுப்பது நகரசபை, வாங்குவதும் நகரசபை. விழா அன்று நான் சந்தையிலிருந்து திரும்பியபோது, படிக்கட்டிலிருந்து முற்றத்துக்கு வரும் கதவை மறைத்து மேடை போட்டிருந்தார்கள். அந்தச் சுவரில்தான் வர்ணம் புதிதாக இருந்ததாம். கதவுக்கு வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டி, அதன் மேல் பெரிய பேனரைக் கட்டியிருந்தார்கள். விருந்தாளிகளுக்காக லிஃப்ட்டையும் கீழேயே நிறுத்திவைத்திருந்தார்கள். மேல்மாடிக்காரர்கள் இறங்கி வெளியே வர இந்தக் கதவை விட்டால் லிஃப்ட் கூடத்துக் கதவு ஒன்றுதான் வழி. மேடைக்காரரிடம் கேட்டதற்கு, “ரெண்டு மணி நேரம்தானேக்கா, அப்புறம் பிரிச்சிருவோம்” என்றார். நான் அங்கே நின்றிருந்த நகரசபைச் செயலாளரிடம் போனேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “நெருப்பு என்ன நேரம் பாத்தா வரப்போகுது?” என்றார். “அதையேதான் சார் நானும் சொல்றேன்” என்றேன். அவருக்குக் கோபம் வந்து, விழாவைக் கெடுக்காமல் மேலே போகச் சொன்னார்.

அவர் சொன்னபடியே மேலே போனேன். லிஃப்ட் கிடையாது என்பதால் லிஃப்ட் இருக்கும் கூடத்துப் பக்கமாக உள்ளே போய் நடந்துதான் ஏறினேன். எனக்குப் பின்னால் அந்தக் கூடத்துக் கதவையும் வெளியாள் வரக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் நான் செய்யப்போவதைச் சொன்னேன். அவர், “நிஜமாவே வந்தா நான் இங்கதான இருப்பேன்?” என்று கேட்டார். நான் அவர் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி வைத்தேன். “சரி போ, நல்லா கத்து” என்றார். இதை எழுதத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எழுதச் சொன்னேன்.

அதன்பின் எங்கள் மாடியில் உள்ள மணிப்பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். கண்ணாடியை உடைப்பதற்காகப் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கும் சின்னச் சுத்தியல், அடித்த வர்ணத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டு கழன்று வரவில்லை. ஆகையால் எங்கள் வீட்டுப் பூட்டால் கண்ணாடியை உடைத்துப் பொத்தானை அழுத்தினேன். மணி அடிக்கவில்லை. பலமாக அழுத்தினேன், அடிக்கவில்லை. அதன்பின் பதினோராம் மாடிக்கு இறங்கி அங்கேயும் உடைத்து அழுத்தினேன். பத்தாம் மாடியில் உடைத்துப் பார்த்தபோது பெட்டிக்குள் பொத்தானே இல்லை. பொய்யாக அபாய மணி அடித்தேன் என்று புகாரில் ஓரிடத்தில் எழுதியிருப்பதாக அறிகிறேன். அந்த மணியை அடித்துக் காட்டுகிறவருக்கு நான் மாலை போடுகிறேன்.

மணி அடிக்காததால் படிக்கட்டில் நின்று என் தொண்டையால் “தீ! தீ! எல்லாரும் இறங்குங்க!” என்று கத்தினேன். ஐயா ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் நிற்கப்போவதையும், லிஃப்ட் பழுதாகிவிட்டதையும், காஸ் வண்டி வந்ததையும் படிக்கட்டில் நின்று கத்திச் சொல்வது நான்தான். வெண்கலம் சொன்னால் சரியாக இருக்கும் என்று கதவைத் திறக்காமலே நம்புவார்கள். அந்த நம்பிக்கையைத்தான் அன்றைக்கு எடுத்துச் செலவழித்தேன். இனி நான் கத்தினால் பாதிப் பேர் யோசித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அது எனக்குத் தெரியும், அது எனக்கு வலிக்கிறது. நகரசபைக்கு வலிக்க வேண்டியது எனக்கு வலிக்கிறது.

அதன்பின் எல்லா மாடிகளிலிருந்தும் ஆட்கள் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கீழே கதவு திறக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் கதவைக் குத்தினார்கள், பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள். நான் உடனே, “தீ இல்ல, நான் சும்மாதான் கத்தினேன், தள்ளாதீங்க, நில்லுங்க” என்று கத்தி அவர்களை நிறுத்தினேன். அதற்குள் நான்காம் மாடித் தையல்காரருக்குக் கை மணிக்கட்டில் சுளுக்கிவிட்டது. அது ஒன்றுக்குத்தான் நான் வருந்துகிறேன். அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். “விடு தங்கச்சி, கதவு திறக்காதுன்னு தெரிஞ்சுதே, அது போதும்” என்றார். அவர் மனைவி என்னை நன்றாகத் திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

வெளியே அப்போது நகரசபைத் தலைவர், மக்களின் உயிரே எங்களுக்கு முதன்மை என்று பேசிக்கொண்டிருந்ததாக முற்றத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பேனருக்குப் பின்னாலிருந்து குத்தும் சத்தம் கேட்டிருக்கிறது. முதலில் மேளம் என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்களாம். அதன்பின் உள்ளே குழந்தைகள் அழும் சத்தம் கேட்டு விருந்தாளிகளே எழுந்து ஓடிவந்து மேடையை இழுத்தார்கள். பூட்டின் சாவி மேடைக்காரரிடம் இருந்தது, அவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து கதவைத் திறந்ததும், பாதி சவரம் செய்த முகத்தோடு ஒருவர், தலையில் சோப்பு நுரையோடு ஒரு பெண், கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி என்று மேடையருகே எல்லோரும் வந்து விழுந்தார்கள். தலைவர், “எங்கம்மா தீ?” என்று கேட்டார். “இன்னிக்கு இல்லைங்க. இருந்திருந்தா இத்தனை பேரும் அந்தக் கதவுக்குப் பின்னாலதான் கிடந்திருப்போம்” என்றேன். அதன்பின் காவலர்கள் என்னை நிலையத்துக்கு அழைத்துவந்து, பெயர், முகவரி வாங்கிக்கொண்டு, இன்று ஆஜராகும்படி சொல்லி அனுப்பினார்கள்.

நேற்று மாலை நகரசபைச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நேற்று லிஃப்ட் ஓடியது. நாற்காலி போட்டேன், டீ கொடுத்தேன். தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாக இருக்கிறது, உடனே தருகிறோம் என்றார். கணவருக்கு உடம்பு முடியாத கவலையில் புத்தி தடுமாறிக் கத்திவிட்டேன், தவறுக்கு வருந்துகிறேன் என்று வாக்குமூலத்தில் சொல்லிவிடுங்கள், புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றார். இல்லாவிட்டால் வீட்டு ஒதுக்கீடே ரத்தாகும் என்றார்.

எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே வந்தது. தரைத்தளம் என்றால் இவர் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போகலாம், யார் தயவும் வேண்டாம், நான் சந்தையில் பயமில்லாமல் நிற்கலாம். புத்தி தடுமாறியவள் என்று எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டும், நம்மை யார் பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்றுகூட நினைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் பேசினார்.

“சார், இந்தப் பன்னெண்டாவது மாடி பாதுகாப்புதான?” என்று கேட்டார்.

செயலாளர், “அதுல என்ன சந்தேகம்? விருதே குடுத்திருக்கோமே” என்றார்.

“அப்ப நாங்க எதுக்கு சார் கீழ வரணும்?” என்று கேட்டார்.

செயலாளர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் என் கணவர் இவ்வளவு லட்சணமாகப் பேசி நான் கேட்டதில்லை. அதன்பின் நான் அவரிடம், “வீடும் போயிடும், தெரியுதா?” என்றேன். “தெரியுது, சோத்தப் போடு” என்றார்.

ஆகையால் நான் புத்தி தடுமாறிக் கத்தவில்லை. நிதானமாக, தெரிந்தேதான் கத்தினேன். அந்த மணி அடிப்பதற்கும், அந்தக் கதவு திறப்பதற்கும், படியிறங்க முடியாதவரை யார் தூக்கி இறக்குவது என்பதற்கும் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான நகரசபையே பொறுப்பு. அதை நீதிமன்றத்தில் கேட்பேன். வீட்டை ரத்து செய்தால் முற்றத்தில் நின்று கேட்பேன்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடைசியில் ‘என் தவறுக்கு வருந்துகிறேன்’ என்று ஒரு வரி இருந்தது. அது நான் சொன்னது அல்ல என்று அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது. மற்றதெல்லாம் நான் சொன்னதே, நடந்ததே. கையெழுத்துப் போடும்போது உதவி ஆய்வாளர், “தரைத்தளத்துக்கு மாறுறீங்கன்னு நகரசபையிலிருந்து சொன்னாங்களே, சம்மன் அனுப்ப அந்த விலாசம் போடட்டுமா?” என்று கேட்டார். பன்னிரண்டாம் மாடி என்றே போடச் சொன்னேன்.

(ஒப்பம்)