தண்ணீர் லாரிக்குப் போட்ட தொப்பி

என் பெயரையும் கணவர் பெயரையும் கதவு எண்ணையும் முதல் தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது இருபத்தொன்பது. வணிகவியல் படித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனமொன்றில் வாகன விபத்துக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். பிரசவத்துக்குப் பின் வேலைக்குப் போகவில்லை. ஏழு மாதப் பெண் குழந்தை இருக்கிறது. வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன் என்று இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டு, குழந்தை தூங்கிய பிறகு என் கையாலேயே இதை எழுதி, காலையில் அவர் முன்னிலையில் படித்துக் காட்டி ஒப்படைக்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது நான்கு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. மூன்று மாதத்தில் குழாய்த் தண்ணீர் வந்துவிடும் என்று சொல்லித்தான் வீட்டை விற்றார்கள். ஒன்றரை வருடமாகியும் வரவில்லை. தினமும் மதியம் ஒன்றரை மணிக்குத் தண்ணீர் லாரி வரும். தெருவைச் சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டிப் போட்டிருப்பதால் லாரி திரும்ப இடம் கிடையாது. முனையிலிருந்தே பின்னோக்கி வந்து, எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே உள்ள நிலத்தடித் தொட்டியில் தண்ணீர் இறக்கும். வரும் வழியெல்லாம் அதன் பின்புற ஒலிப்பான் பீப் பீப் என்று அடித்துக்கொண்டே இருக்கும். வாட்ச்மேன் பெரியவரும் பின்னால் நின்று விசில் ஊதுவார்.

என் குழந்தை இரவில் தூங்க மாட்டாள். மதியம் ஒரு மணிக்குத்தான் அசந்து தூங்குவாள். பக்கத்து மனையில் தூண் போடத் துளையிடும் இயந்திரம் நாளெல்லாம் ஓடும், அதற்கு அவள் எழுவதில்லை. இந்த பீப் சத்தத்துக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டு அழுவாள்.

நான்கு வாரத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய் லாரி டிரைவரிடம் அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன்.

“அது வண்டியோட வாய்ம்மா. வாயக் கட்டச் சொல்றீங்களே” என்றார்.

“ரெண்டே மாசம்தாண்ணே, பாப்பா கொஞ்சம் வளர்ற வரைக்கும். இவ தூங்கினாதான் நான் குளிக்கவே முடியுது.”

“எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. அதுக்கு என் லாரிச் சத்தம் கேட்டாதான் தூக்கமே வரும்” என்று அவர் சிரித்தார். ஒலிப்பானின் ஒயரைப் பிடுங்கினால் முதலாளி திட்டுவார் என்றும் சொன்னார். அதன் பிறகு நான் மேலே போய், குழந்தைக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கம்பளித் தொப்பியையும் ஒட்டும் டேப்பையும் எடுத்து வந்து கொடுத்தேன். தொப்பி அந்த ஒலிப்பானுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

பெரியவர் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “நான் இருக்கேன்ல பாப்பாம்மா. நிக்கணும்னா கண்ணாடில தெரியற மாதிரி கைய நீட்டுறேன், கை தெரியலன்னா இவன் வந்துகிட்டே இருக்கட்டும். பொண்டாட்டி பேச்சத்தான் கேக்க மாட்டான், என் கையயாவது பாப்பான்” என்றார். மூவரும் சிரித்தோம். கை தெரியாவிட்டால் நிற்க வேண்டும் என்றுதான் ஏற்பாடு செய்திருக்க வேண்டும், நாங்கள் செய்தது அதற்குத் தலைகீழ். அலுவலகத்தில் நான் பார்த்த கோப்புகளில் பின்னோக்கி வந்த வண்டிகள் எத்தனையோ. தெரிந்தும் நான் எதுவும் சொல்லவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் குழந்தை மதியத்தில் இரண்டு மணி நேரம் தூங்கினாள். நான் தலைக்குக் குளித்தேன். சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணி அளவில் ஈரத் தலையோடு குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது கீழே ஆண்கள் கத்தும் சத்தம் கேட்டது. முதலில் குழந்தையைப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு, சத்தத்தில் எழுந்துவிடப் போகிறாளே என்று ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டுத்தான் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். பெரியவர் தொட்டியின் இரும்பு மூடிக்குப் பக்கத்தில் கிடந்தார். இடது கால் சக்கரத்துக்கு அடியில் இருந்தது. இறுகிப்போன மூடியைக் குனிந்து நெம்பிக்கொண்டிருந்தவருக்கு, துளையிடும் இயந்திரத்தின் இரைச்சலில் லாரி வந்தது தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். டிரைவருக்குக் கண்ணாடியில் கை தெரியவில்லை. வந்துகொண்டே இருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் ரைட்டர் எங்கள் வீட்டுக்கும் வந்து, பையிலிருந்து தொப்பியை எடுத்து, “இது உங்க வீட்டுதாம்மா?” என்று கேட்டார். நான், “குழந்தை இருக்கிற எல்லா வீட்டுலயும் இந்த மாதிரி இருக்கும் சார்” என்றேன். அவர் போன பிறகு என் கணவர், “நாமளா எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கணும்” என்றார். மறுநாள் டிரைவரை ரிமாண்ட் செய்தார்கள். தொப்பி ரோட்டில் கிடந்ததாகவும், சத்தம் தலைவலியாக இருந்ததால் தானே எடுத்து மாட்டியதாகவும் அவர் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரியவருக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போர்வை அந்த இடத்தில் தட்டையாக இருந்தது. அவர் மனைவி எழுந்து எனக்கு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். பெரியவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, “அன்னிக்கு அவ்வளவு கத்தினேனே, பாப்பா எழுந்திருச்சிட்டாளா?” என்று கேட்டார்.

“இல்லைங்க” என்றேன்.

“அப்ப சரி” என்றார்.

நான் உட்காராமலே திரும்பி வந்துவிட்டேன்.

ஒலிப்பானை மூடச் சொன்னது நான். மூடத் தொப்பி கொடுத்ததும் நான். விசில் வேண்டாம் என்று பெரியவர் முடிவு செய்ததும் என் குழந்தைக்காகத்தான். டிரைவர் முதலில் மறுத்தார் என்பதைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை ரைட்டரிடம் நான் சொன்ன பதில் பொய். இந்தத் தாள்களில் இருப்பது நான் செய்ததும் கண்ணால் பார்த்ததும், பார்க்காததைக் கேள்விப்பட்டது என்றே எழுதியிருக்கிறேன். யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ எழுதவில்லை. இதை எழுதுவது என் கணவருக்குத் தெரியும், அவருக்குச் சம்மதமில்லை.

இத்துடன் ஒப்படைப்பது: மஞ்சள் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. தொப்பியும் இதுவும் ஒரே பெட்டியில் வந்தவை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

(கையொப்பம்)